ஏழு நாளும் மூன்று சாண்ட்விச்சும்

ஏழு நாள். அதுதான் விதி.

சிறிய அளவில் உணவு விற்கிற ஒருவர் பதிவுச் சான்றிதழ் கேட்டு விண்ணப்பித்தால், சம்பந்தப்பட்ட அலுவலகம் ஏழு நாளுக்குள் மூன்றில் ஒன்றைச் செய்தாக வேண்டும். சான்றிதழைத் தரலாம். காரணத்தை எழுதி மறுக்கலாம். அல்லது 'நேரில் வந்து பார்க்கிறோம்' என்று நோட்டீஸ் கொடுக்கலாம். மூன்றும் நடக்கவில்லையா? விண்ணப்பித்தவர் வியாபாரத்தைத் தொடங்கிக்கொள்ளலாம். நானாகச் சொல்லவில்லை. ஒழுங்குமுறை விதி சொல்கிறது. மூன்று முறை படித்துப் பார்த்துவிட்டேன்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்கு என் வியாதி தெரியும். ஆவடிப் பக்கம் ஒரு தொழிற்சாலையின் எஸ்டாப்ளிஷ்மென்ட் செக்‌ஷனில் முப்பத்தாறு வருடம் இருந்தேன். லீவு விதி, பென்ஷன் விதி, குவார்ட்டர்ஸ் ஒதுக்குகிற விதி... சூப்பரின்டெண்டாக ஓய்வு பெற்றேன். விதிகள் ஓய்வு பெறவில்லை.

மூன்று வாரத்துக்கு முன் இதே இடத்தில் 'அந்த ஏழு நாள் எங்கே போயிற்று?' என்று ஓர் அலுவலகத்தைக் கேட்டிருந்தேன். யாருடைய விண்ணப்பம், என்ன விஷயம் என்று விவரமாகச் சொல்லவில்லை. ஆனாலும் நிறையப் பேர் எழுதினீர்கள். "விடாதீர்கள் சார்" என்றீர்கள்.

விடவில்லை. முழுக் கதையையும் இன்று சொல்லிவிடுகிறேன்.

அண்ணனூர் ஸ்டேஷனிலிருந்து எங்கள் காலனிக்கு வருகிற வழியில், ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் பாக்கியத்தின் தள்ளுவண்டி நிற்கும். டீ, ரொட்டி டோஸ்ட், சாண்ட்விச். அந்த அம்மாவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். எங்கள் வட்டாரத்தில் அபூர்வமான பிறவி - உள்ளூர்க்காரர். நாங்கள் வீடு கட்டியிருக்கிற மனைகளில் அவருடைய மாமனார் ஒரு காலத்தில் வேர்க்கடலை போட்டிருக்கிறார்.

காலை நடை முடிந்ததும் ஏழு பேர் அங்கே கூடுவோம். எல்லாரும் ஒரே தொழிற்சாலையில் ஓய்வு பெற்றவர்கள். குவார்ட்டர்ஸில் குடியிருந்து, காலி செய்யச் சொன்னதும் பக்கத்திலேயே வீடு கட்டியவர்கள். பிறந்த ஜில்லா மட்டும் வேறு வேறு.

வினை அங்கேதான் தொடங்கியது.

பாக்கியத்தின் சாண்ட்விச் எளிமையானது. தக்காளி, வெங்காயம், வெள்ளரிக்காய், பச்சைச் சட்னி. ஒரு நாள் சுடலைமுத்து சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். திருநெல்வேலிக்காரர். எங்கள் தொழிற்சாலையில் டூல் ரூம் ஸ்டோர்கீப்பராக இருந்தவர். பொட்டலத்தில் எள்ளு மிளகாய்ப்பொடி.

"ஏம்மா, அந்தப் பச்சையை விட்டுட்டு இதைத் தடவிக் குடு."

மறுநாள் பழனிச்சாமி ஒரு டப்பாவோடு வந்தார். கோபிப் பக்கம். டப்பாவில் கொள்ளுத் துவையல். அடுத்த நாள் ஆரோக்கியம் - தூத்துக்குடி, வெல்டர் - ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் மாசிப் பொடி கொண்டுவந்தார். காய்ந்த சூரை மீனை இடித்து, தேங்காயும் மிளகாயும் சேர்த்து வறுத்த சமாச்சாரம். பத்தே நாளில் வண்டியில் ஆறு பாட்டில்கள்.

ஒரு சனிக்கிழமை. பழனிச்சாமிக்கு அன்று சைவம். அரை ரொட்டி தின்றுவிட்டு, "பாக்கியம், இன்னைக்குக் கொள்ளு ரொம்ப அருமையா வந்திருக்குதுங்க" என்றார். ஆரோக்கியம் தன் ரொட்டியைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "என்னதுல கொள்ளு இருக்கு" என்றார்.

பழனிச்சாமி வாய் கொப்பளித்தது ஸ்டேஷன் வரை கேட்டிருக்கும்.

இதற்கு ஒரு ஏற்பாடு வேண்டும் அல்லவா? சுடலைமுத்துதான் செய்தார். டூல் ரூமில் ஒரு கருவி வேண்டுமென்றால், உங்கள் டிக்கெட் நம்பர் பொறித்த பித்தளை வில்லையைக் கொடுக்க வேண்டும். கருவியைத் திருப்பித் தரும்வரை வில்லை கொக்கியில் தொங்கும். எது யாரிடம் இருக்கிறது என்பதில் சந்தேகமே வராது. அதே முறைப்படி ஆறு பாட்டிலிலும் பெயின்ட்டால் அவரவர் டிக்கெட் நம்பரை எழுதினார். பெயர் இல்லை, பண்டத்தின் பெயரும் இல்லை. நம்பர் மட்டும்.

ஒரே வாரத்தில் பாக்கியத்துக்கு எல்லாம் மனப்பாடம். "இன்னா அண்ணாத்தே, நாலு ஒண்ணு ஒண்ணு ரெண்டு அடில கீது. நாளைக்கு ரொப்பிகினு வா" என்பார். சுடலைமுத்துவுக்கு அப்படிக் கூப்பிட்டால் பரம திருப்தி. ஓய்வு பெற்று ஒன்பது வருடம் கழித்து ஒருவர் நம்மை டிக்கெட் நம்பர் சொல்லிக் கூப்பிடுவது சாதாரண விஷயமா?

எனக்குப் பாட்டில் கிடையாது. அப்பாவுக்கு ஊர் ஊராக மாற்றலாகிற உத்தியோகம். எட்டு ஊரில் படித்தேன். எந்தப் படிவத்திலும் 'சொந்த ஊர்' என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டுவிடுவேன். அதனால் பச்சைச் சட்னியோடு நின்றுகொண்டேன்.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு நாள், பாக்கியம் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"சார், ஒரு ஒதவி. அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு ஐடி ஆபீஸ் கீதுல்ல... அங்க வேல பாக்கற சார் ஒருத்தர் தெனம் நம்ம கைல சாண்ட்விச் வாங்கிகினு டிரெய்ன் புடிப்பாரு. அவுரு தான் அங்க கேன்டீனு, கிளீனிங்கு எல்லாம் பாக்கறாராம். கீழ ஒரு கவுண்ட்டரு காலியா கீது, வந்துர்றியான்னு கேக்கறாரு."

"நல்லதுதானே. என்ன தயக்கம்?"

"சர்ட்டிவிகேட் வேணுமாம் சார். அப்பால மூணே மூணு சாண்ட்விச்சு, இன்னா இன்னான்னு எயுதிக் குடுக்கணுமாம். இந்த மாசம் போயி அடுத்த மாசக் கடைசிக்குள்ள."

அந்தக் கவுண்ட்டரில் என்ன விசேஷம் என்று கேட்டேன். பாக்கியம் கரண்டியைக் கீழே வைத்தார்.

"தலைக்கு மேல கூர கீது சார். உக்கார ஒரு ஸ்டூலு கீது."

அவ்வளவுதான். அவருக்கு வேண்டியதெல்லாம் அதற்குள் அடங்கிவிட்டது. எங்கள் மரத்தடியில் ஐப்பசி மழைக்கு முழங்கால் வரை தண்ணீர் நிற்கும். போன வருடம் அந்தத் தண்ணீரில் நின்றுதான் ரொட்டி சுட்டார். காலை மரத்தடி வியாபாரத்தை முடித்துக்கொண்டு ஒன்பதரை ரயிலைப் பிடித்தால் போதும், இரண்டாவது ஸ்டேஷன் அம்பத்தூர்.

"கவலையே வேண்டாம். ஏழு நாள். விதி அப்படி" என்றேன்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். மூன்று சாண்ட்விச் என்னென்ன என்பதை முறையாக முடிவு செய்ய ஒரு கமிட்டி போடலாம் என்றும் சொன்னேன்.

தொழிற்சாலைக்காரர்களிடம் கமிட்டி என்று சொல்லிப் பாருங்கள். மறுநாளே ஏழு பேரும் நேரத்துக்கு வந்துவிட்டோம். ஊரே இல்லாதவன் என்பதால் நான் தலைவர். ஒரு பழைய டைரி மினிட்ஸ் புத்தகமானது.

முதலில் சுடலைமுத்து.

"வேய், ரொட்டிங்கது என்னது? ஒரு ருசியும் இல்லாத சாமான். அதுக்கு உசுரு குடுக்கணும்னா எள்ளுப்பொடிதான். கருப்பு எள்ளைத் தோலோட வறுத்து, கல்லுல இடிச்சு, மேல ரெண்டு சொட்டு நல்லெண்ணெய். சோலி முடிஞ்சுது."

"ஏனுங்க அண்ணாச்சி, பொடி ரொட்டியில நிக்குமுங்களா?" என்றார் பழனிச்சாமி. "கடிச்சா சட்டை மேல கொட்டுமுங்க. துவையல்னா ஒட்டிக்கும். கம்ப்யூட்டர் முன்னால ஒக்காந்தே கெடக்கற புள்ளைங்களுக்குக் கொள்ளுதானுங்க வேணும்."

"கொள்ளைக் குதிரைக்குல்லா போடுவாவ."

"அதனாலதானுங்க குதிரை ஓடுது. எள்ளு தின்ன நீங்க ஸ்டேஷன் படியில மூச்சு வாங்கிட்டு நிக்கறீங்க."

ஆரோக்கியம் அதிகம் பேசாதவர். ஒரே வாக்கியம்தான் பேசினார். "மாசியைத் தின்னவன் மறுநாள் வேற எதையும் கேக்க மாட்டான்."

"அது ஏசி கட்டடம் ஆரோக்கியம். வாசனை..." என்று இழுத்தேன்.

"வரட்டும். வாங்காதவனும் வந்து நிப்பான். அதுக்குப் பேருதான் விளம்பரம்."

மற்ற மூவரும் விடவில்லை. தஞ்சாவூர்க்காரர் புளிமிளகாய்க்காகப் பேசினார். மதுரைக்காரர் வெங்காயக் காரச் சட்னிக்காக. நாகர்கோவில்காரர் இஞ்சிக் கறி என்று தொடங்கி, அவர்கள் ஊரில் அதற்கு இஞ்சியை எப்படி நறுக்குவார்கள் என்பதிலேயே இருபது நிமிடம் எடுத்துக்கொண்டார். பாக்கியத்தின் டீ மூன்று சுற்று போயிற்று.

இரண்டாம் அமர்வில் ஓட்டெடுப்பு. ஆறு பேர், ஆறு ஓட்டு. ஒவ்வொரு பண்டத்துக்கும் ஒன்று. இரண்டு பக்கம் சமமாக நின்றால் தலைவர் ஓட்டுப் போட்டு முடிக்கலாம். ஆறு பக்கம் சமமாக நின்றால்? எனக்கு எந்த விதியும் நினைவுக்கு வரவில்லை. என் வாழ்க்கையில் அது அபூர்வம்.

நாற்பது வருடம் வெளியூரில் இருந்தவன் எதையெல்லாம் விடுகிறான் என்று யோசித்துப் பார்த்தேன். ஊர்த் திருவிழாவுக்குப் போவதை விட்டுவிடுகிறான். பூர்வீக வீட்டில் தன் பங்கைத் தம்பிக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறான். பிள்ளைகள் வேறு பேச்சுப் பேசுவதைப் பொறுத்துக்கொள்கிறான். துவையலில் மட்டும் ஓர் அங்குலம் விட்டுத் தர மாட்டேன் என்கிறான். அதையும் விட்டால், தான் எந்த ஊர்க்காரன் என்பதற்குக் கையில் வேறு அத்தாட்சி இல்லை... அதுதான் பயம்.

அந்த அமர்வில் இன்னொன்றும் நடந்தது. பாக்கியம் ரொட்டியைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, "சார், நான் ஒண்ணு சொல்லட்டா?" என்றார். நான் டைரியிலிருந்து தலையை எடுக்காமல், "உறுப்பினர் அல்லாதவர் பேச வேண்டுமானால் தலைவரிடம் முன் அனுமதி வாங்க வேண்டும்" என்றேன். விளையாட்டுக்குத்தான். எல்லாரும் சிரித்தோம். பாக்கியமும் சிரித்துவிட்டுக் கல்லைத் துடைக்கப் போய்விட்டார்.

மூன்றாம் அமர்வும் முடிவில்லாமல் முடிந்தபோது அவர் நேராக என்னிடம் வந்தார்.

"சார், நீங்க சண்ட போட்டுகினே இருங்க, வாணாங்கல. மொதல்ல அப்ளிகேசனப் போட்டுருங்க. நாள் போயிகினே கீது."

செப்டம்பர் மூன்றாம் தேதி விண்ணப்பித்தோம். மார்க்கெட் தெருவில் நிவேதா என்கிற பெண்ணின் ஜெராக்ஸ் கடை. அவளே ஆன்லைனில் போட்டுக் கொடுத்தாள். பாக்கியத்தின் ஃபோனைப் பாதி நாள் அவர் பெண் காலேஜுக்குக் கொண்டுபோய்விடுகிறாள் என்பதால், பதில் வரவேண்டிய இடத்தில் என் செல்பேசி எண், என் வீட்டு முகவரி. ஒப்புகைச் சீட்டை வாங்கி ஃபைலில் கோத்தேன்.

பிறகு தபாலுக்குக் காத்திருந்தேன்.

ஐந்தாம் தேதி வரவில்லை. எட்டாம் தேதி வரவில்லை. தபால்காரர் எங்கள் தெருவுக்குள் திரும்பும் நேரம் எனக்கு அத்துப்படி ஆனது. அந்த வாரம் எங்கள் பென்ஷனர் சங்கக் கூட்டம் வேறு. செல்பேசி மோசடிகளைப் பற்றி நான் பேச வேண்டும் - வருடத்துக்கு இரண்டு முறை பேசுகிறேன், அந்தத் துறையில் எனக்குக் கொஞ்சம் பெயர் உண்டு. 'கோரிக்கை ஏற்கப்பட்டது, இந்த லிங்க்கைத் தொடவும்' வகையறா ஒன்று அன்று காலை எனக்கே வந்திருந்தது. அதையே உதாரணமாக மைக்கில் வாசித்துக் காட்டி, எல்லார் முன்னாலும் அழித்தேன். பலத்த கைதட்டல்.

பத்தாம் தேதி ஏழு நாள் முடிந்தது.

பதினொன்றாம் தேதி முதல் நினைவூட்டல் கடிதம், பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு. பதினைந்தாம் தேதி இரண்டாவது. அதற்கும் அசையவில்லை. பதினேழாம் தேதி நேரில் போனேன். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் ஊழியர் என் ஃபைலின் கனத்தைப் பார்த்துவிட்டு, "ஆன்லைன்ல ஸ்டேட்டஸ் பாத்தீங்களா சார்?" என்றார்.

"எனக்கு எழுத்தில் பதில் வேண்டும்."

"அதுலயே வந்திருக்கும் சார்."

"வந்திருந்தால் நான் ஏன் வருகிறேன்?"

அவர் என் பின்னால் நின்றவரைக் கூப்பிட்டார். மழுப்புகிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். அன்று சாயங்காலமே உங்களுக்கான பத்தியை எழுதினேன். மறுநாள் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுவும் தட்டிவிட்டேன்.

ஐடி ஆபீஸ் மேலாளரை மரத்தடியிலேயே பிடித்தேன். விதியின் நகலைக் கையில் கொடுத்தேன். ஏழு நாளாகிவிட்டது, இனி சான்றிதழ் இல்லாமலே கவுண்ட்டரைத் திறக்கலாம் என்று விளக்கினேன். மனிதர் பொறுமையாகக் கேட்டார்.

"ரூல் கரெக்ட்தான் சார். ஆனா ஆடிட்ல என்கிட்ட சர்டிஃபிகேட் நம்பர்தான் கேப்பாங்க, ரூல் நம்பர் கேக்க மாட்டாங்க. முப்பதாம் தேதி வரைக்கும் பாக்கறேன். அதுக்கு மேலன்னா, மோமோ போடறவர் ஒருத்தர் ரெடியா இருக்கார்."

மோமோ. கமிட்டிக்கு அன்றுதான் முதல் முறையாக ஒருமித்த கருத்து ஏற்பட்டது. "மாவை அவிச்சு அதுக்கு அமெரிக்கா பேரு" என்றார் சுடலைமுத்து. அமெரிக்கா இல்லை என்று நான் திருத்தினேன். "எந்த ஊரா இருந்தா என்னவே, நம்ம ஊரு இல்லல்லா" என்றார்.

நாட்கள் ஓடின. இருபத்தைந்தாம் தேதி ஒரு மழை பெய்தது. அரை மணி நேரம்தான். மரத்தடியில் கணுக்கால் அளவு தண்ணீர். பாக்கியம் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அடுப்புக்கு அடியில் இரண்டு செங்கல் வைத்தார்.

இருபத்தொன்பதாம் தேதி காலை. மூன்றாவது நினைவூட்டலின் வரைவை அவருக்கு வாசித்துக் காட்டினேன். கடுமையான கடிதம். இரண்டு உட்பிரிவுகளை மேற்கோள் காட்டியிருந்தேன்.

பாக்கியம் கேட்டு முடித்தார். கேஸை அணைத்தார்.

"சார், அந்த சீட்டக் குடுங்க."

"எந்தச் சீட்டு?"

"அப்ளிகேசன் போட்டப்ப நிவேதா பொண்ணு குடுத்துச்சே, அது."

"எதற்கு?"

"நானே போயி கேக்கறேன். போன வருசம் மாரி இந்த வருசம் தண்ணில நிக்க மாட்டேன் சார். முடிவு பண்ட்டேன். இருக்குதுன்னா இருக்குதுன்னு சொல்லட்டும், இல்லன்னா இல்லன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லட்டும். லெட்டரு எயுதிகினே இருந்தா மழ நிக்குமா?"

அசலைத் தரவில்லை. நகலைத் தந்தேன். பழக்கம்.

வண்டியை எங்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். ஓய்வு பெற்ற ஏழு பேர் சேர்ந்து ஒரு டீ போட முயன்றோம். அதன் விவரம் இங்கே தேவையில்லை.

இருபது நிமிடத்தில் திரும்பிவிட்டார். அலுவலகம் வரை போகவே இல்லை. வழியில் நிவேதாவின் கடை திறந்திருந்தது. சீட்டில் இருந்த எண்ணை அவள் கம்ப்யூட்டரில் தட்டியிருக்கிறாள். அரை நிமிடம். கையில் லேமினேட் செய்த ஒரு தாள்.

"வந்துருச்சா?" என்று எழுந்தேன். "பார்த்தாயா... பத்தியில் எழுதியதும் அலறி அடித்துக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்."

"அத்த நீங்களே படிங்க சார்."

மேலிருந்து படித்தேன். பதிவு எண் சரி. பெயர் சரி. முகவரி சரி. கடைசியில், வழங்கிய தேதி. அங்கே நின்றுவிட்டேன்.

"அன்னிக்கே ஃபோனுக்கு மெசேஜ் வந்திருக்குமாம் சார். உங்க நம்பர்தான குடுத்தோம்" என்றார் பாக்கியம். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

சுடலைமுத்து டீக் கிளாஸை மெல்லக் கீழே வைத்தார்.

"வேய்... சங்கத்துல நீரு மைக்குல ஒண்ணு வாசிச்சீரே..."

"நம்மளும் கை தட்டினமுங்களே" என்றார் பழனிச்சாமி.

"தட்டினதைத் திரும்ப வாங்கிக்கிட விதி இருக்காவே?"

இல்லை. அந்தக் குறுஞ்செய்தியில் நீளமாக ஓர் எண் இருந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. 'பாருங்கள், நம்ப வைப்பதற்காக எண்ணெல்லாம் போடுவார்கள்' என்று அதையும் மைக்கில் சொன்னேன். ஃபைலில் இருந்த ஒப்புகைச் சீட்டோடு அதை ஒத்துப் பார்க்கத் தோன்றவில்லை. சர்வீஸ் புத்தகத்தில் ஒரு பிறந்த தேதியைச் சரிபார்க்க மூன்று ஆவணம் கேட்டவன் நான். முத்திரையும் மை கையெழுத்தும் இல்லாமல் ஒரு பதில் வர முடியும் என்பதை என் மூளை ஒப்புக்கொள்ளவில்லை. ஜன்னலுக்குப் பின்னால் இருந்த அந்தப் பெண் ஒருவர்தான் எனக்குச் சரியான நடைமுறையைச் சொன்னவர்.

தாளுக்கு அடியில் இன்னொரு தாள் இருந்தது. மேலாளரிடம் தரவேண்டிய பட்டியல். நிவேதாவிடம் சொல்லி டைப் செய்து வாங்கியிருந்தார். உருளைக்கிழங்கு மசாலா சாண்ட்விச். காய்கறி சாண்ட்விச். மூன்றாவதாக, வேர்க்கடலைத் துவையல் சாண்ட்விச்.

ஆரோக்கியம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். "மூணாவது யாரோடது?"

ஆறு பேரும் ஒருவரை ஒருவர் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டார்கள். யாரோ தனியாகப் போய்ச் சிபாரிசு பிடித்துவிட்டார்கள் என்று.

"எங்க ஊட்துதான்" என்றார் பாக்கியம். "எங்க ஊட்ல கூழுக்கு, களிக்கு, எல்லாத்துக்கும் அதான். கடலய தோலோட வறுத்து, மொளகா, பூண்டு, துளி புளி. கொரகொரன்னு அரைக்கணும்."

"இத்தனை நாளா சொல்லவே இல்லையேம்மா?"

"சொல்ல வந்தேன். சார் பர்மிசன் வாங்கச் சொன்னாரு."

டைரியைத் திருப்பிப் பார்த்தேன். இரண்டாம் அமர்வின் மினிட்ஸில் அது இல்லை. உறுப்பினர் அல்லாதவர் பேச முயன்றதை நான் பதிவு செய்யவில்லை. ஏழு பேர் மூன்று நாள் உட்கார்ந்து ஆறு ஜில்லாவின் சமையலறைகளைத் தோண்டித் துருவியிருக்கிறோம். எந்த ஊரில் உட்கார்ந்து பேசினோமோ, அந்த ஊரில் என்ன சாப்பிடுவார்கள் என்று ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை. நாற்பது வருடம் குடியிருந்த இடத்தை நாங்கள் நாலு நாள் தங்கிப் போகிற டிரான்சிட் குவார்ட்டர்ஸ் என்றே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறோம் போலிருக்கிறது.

பாக்கியம் அடுப்பைப் பற்றவைத்தார். காலையிலேயே வீட்டிலிருந்து ஒரு சின்னக் கிண்ணத்தில் அந்தத் துவையலை எடுத்து வந்திருந்தார். ஏழு பேருக்கும் ஆளுக்குக் கால் துண்டு.

சுடலைமுத்து மென்றார். மறுபடி மென்றார். "எள்ளுக்கு அடுத்தது இதுதான்" என்றார். அவர் கொடுக்கக்கூடிய உச்சபட்சச் சான்றிதழ் அது. பழனிச்சாமி, ரொட்டியில் நன்றாக ஒட்டுகிறது என்பதை மட்டும் பதிவு செய்யச் சொன்னார்.

நான் இன்னொரு துண்டு கேட்டேன். அடுத்த வாரம் ஒரு காலி பாட்டிலும் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதன் மேல் என் டிக்கெட் நம்பரை எழுதிக் கொடுத்தது சுடலைமுத்து. உள்ளே நிரப்பித் தருவது பாக்கியம். சொந்த ஊர் கட்டத்தில் இனி என்ன எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

முப்பதாம் தேதி காலை எட்டே முக்காலுக்குச் சான்றிதழ் மேலாளர் கைக்குப் போயிற்று. மோமோக்காரர் மன்னிக்கட்டும். பாக்கியம் இப்போது மரத்தடிக் கடையை முடித்துக்கொண்டு ஒன்பதரை ரயிலில் அம்பத்தூர் போகிறார். போன செவ்வாய்க்கிழமை நல்ல மழை. ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். கூரை இருக்கிறது. ஸ்டூல் இருக்கிறது. ஆனால் உட்கார அவருக்கு நேரம் இல்லை. மூன்றாவது சாண்ட்விச்சுக்குத்தான் வரிசை.

தகவல் உரிமை மனுவை வாபஸ் வாங்கிவிட்டேன். இரண்டு நினைவூட்டல்களுக்கும் வருத்தம் தெரிவித்து ஒரு கடிதம் எழுதினேன், பதிவுத் தபாலில். உங்களிடமும் ஒன்று சொல்லியாக வேண்டும். மூன்று வாரத்துக்கு முன் அந்த அலுவலகத்தைப் பற்றி நான் எழுதியதில் விதி ஒன்றுதான் சரி. மற்ற ஒவ்வொரு வரியும் தவறு. என்னைப் பாராட்டிய கடிதங்களை ஃபைலில் வைத்திருக்கிறேன். கேட்பவர்களுக்குத் திருப்பி அனுப்பப்படும்.

இதை எழுதச் சொன்னது என் மனசாட்சி என்று நினைத்துவிடாதீர்கள். அதற்கு இன்னும் ஒரு மாதம் பிடித்திருக்கும். சொன்னவர் பாக்கியம். அம்பத்தூர் கவுண்ட்டரில், ரொட்டிக்குத் துவையல் தடவிக்கொண்டே சொன்னார்.

"பேப்பர்ல அவங்கள நல்லா திட்டி எயுதினீங்களாமே சார். அவங்க கரீட்டாதான குடுத்துகிறாங்க. அத்தயும் எயுதுங்க. தேதியோட."

விண்ணப்பித்தது செப்டம்பர் மூன்று. பதில் வந்தது, செப்டம்பர் ஒன்பது.